சபை கிறிஸ்துமஸ் கார்டு ஓவியப் போட்டி: பனிமனிதனைத் தடை செய்யலாமா?

வேப்பேரி அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு ஓவியப் போட்டி நடக்கும். முதல் பரிசு வாங்கும் படத்தைக் கார்டாக அச்சடித்து சபையார் வீடுகளுக்குக் கொடுப்போம். முழங்கால் வலி, கண் மங்கல் என்று ஆராதனைக்கு வர முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்குத் தபாலில் அனுப்புவோம். இந்த வருஷம் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

போன வருஷம் வந்த படங்களில் முக்கால்வாசி ஒரே படம்தான். பனி மூடிய கூரை, பைன் மரம், மூக்கில் கேரட் குத்திய பனிமனிதன். செல்போனில் தேடினால் முதலில் வருகிற அதே படம். அது போதாதென்று, முதல் பரிசுப் படத்தை வரைந்தது பிள்ளையா பிள்ளையின் அம்மாவா என்று கோவில் வாசலில் பேச்சு கிளம்பி, இரண்டு குடும்பங்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

கமிட்டியில் ஒருவர் "பனி வரைந்தால் பரிசு கிடையாது என்று நோட்டீஸில் போட்டுவிடலாம்" என்கிறார். எனக்கு அரை மனசுதான். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? அச்சு விஷயம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள், போன முறை வானம் நீலமாக இருந்தது கார்டில் ஊதாவாக வந்தது.

பெரம்பூர் லோகோ:
தாராளமாகப் போடுங்கள். டிசம்பரில் நமக்குத் தெரிந்தது மழை, கொசு, கேரல் ரவுண்டில் போகும்போது காலில் ஏறும் சேறு. இதில் பனிமனிதன் எங்கிருந்து வந்தான்? என் அக்கா பையன் ஒரு வருஷம் மூன்று ஞானிகளையும் 29சி பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்க விட்டிருந்தான், ஒருவர் கையில் தூபவர்க்கம், இன்னொருவர் கண்டக்டரிடம் சில்லறை கேட்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆறுதல் பரிசுகூடக் கொடுக்கவில்லை அவனுக்கு.

சாந்தோம் பங்குக்காரன்:
தடை என்ற பேச்சே வேண்டாம் அக்கா. நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்களுக்குக் குடில் போட்டி உண்டு, அதிலும் வைக்கோல் கூரை மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்பார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு பனி என்றால் கதைப் புத்தகத்தில் வரும் அதிசயம், அவ்வளவுதான். அதை வரையக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினால், அடுத்த வருஷம் கமிட்டி என்ன நினைக்கும் என்று யோசித்து யோசித்து வரையும். அது இன்னும் மோசம். பிள்ளைக்கு என்ன பிடிக்கிறதோ அதை வரையட்டும்.

பழைய கார்டு பெட்டி:
நான் பழைய வாழ்த்து அட்டைகள் சேர்ப்பவன், அதனால் ஒரு விஷயம் மட்டும். கடையில் விற்பதற்கென்று அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு 1843ல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்க, ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தார். ஆயிரம் பிரதிகள், ஒன்று ஒரு ஷில்லிங். அதில் பனி கிடையாது. குழந்தை இயேசுவும் கிடையாது! நடுவில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடிக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுக்கிறார்கள், அதற்காகவே மதுவிலக்குக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக வேறு இரண்டு காட்சிகள்: ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவது, துணி கொடுப்பது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பனிதான் கிறிஸ்துமஸ் கார்டின் பாரம்பரியம் என்று யாராவது கமிட்டியில் பேசினால் இதைக் காட்டுங்கள். அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் தெரிவதைப் பிறகு கார்டில் கொண்டுவந்தார்கள், நாம் அதைக் காப்பி அடிக்கிறோம். அவர்கள் செய்ததைச் செய்வதென்றால் நாமும் நம் ஜன்னலைத்தான் திறக்க வேண்டும்.

மாதவரம் தாமஸ்:
ஒரு திருத்தம், சண்டைக்கு இல்லை. பெத்லகேமில் பனியே பெய்யாது என்று பேசிக்கொள்கிறார்கள், அது தப்பு. அது மலை மேல் இருக்கும் ஊர், சில குளிர்காலங்களில் அங்கே பனி விழும். 2013 டிசம்பரில் எருசலேம் பக்கம் கொட்டித் தீர்த்து ரோடெல்லாம் மூடிவிட்டது. ஆகவே பனியை வைத்துச் சண்டை போடாதீர்கள், பைன் மரத்தை வைத்து வேண்டுமானால் போடுங்கள்.

வேதத்தில் இல்லாததை எல்லாம் நீக்குவோம் என்று ஆரம்பித்தால் கார்டில் எதுவும் மிஞ்சாது. லூக்கா சொல்லும் பிறப்பில் மாடும் இல்லை கழுதையும் இல்லை, முன்னணை, அதாவது தீவனத் தொட்டி மட்டும்தான். மாடும் கழுதையும் ஏசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்திலிருந்து ஓவியர்கள் கொண்டுவந்து கட்டியவை. சாஸ்திரிகள், அதாவது அந்த ஞானிகள், மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்ததும் வீட்டுக்குள், தொழுவத்துக்கு இல்லை. மத்தேயு 2:11 பாருங்கள்.

பெரம்பூர் லோகோ:
அப்போ பஸ்ஸில் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்றலாம். நன்றி அண்ணா.

சார்ட் பேப்பர் டீச்சர்:
பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை நான், இரண்டு மூன்று சபைகளில் நடுவராகவும் போயிருக்கிறேன். பனியை வைத்து இவ்வளவு பேசுகிறீர்கள், பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம் என்பதை யாரும் பார்க்கவில்லை. "கிறிஸ்துமஸ் கார்டு வரைந்து வா" என்று சொல்லி அனுப்பினால், பிள்ளை ஏற்கெனவே பார்த்த ஒரு கார்டைத்தான் வரைய முடியும். வேறு என்ன செய்யும்? அம்மா போனைத் தேடி ஒரு படத்தைக் காட்டுவார், பிள்ளை பார்த்து வரையும், கோடு கோணலாக வந்தால் அம்மாவே அழித்துச் சரி பண்ணுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நடுவர்கள் சுத்தமான கோட்டுக்கும் வெளியே வழியாத கலருக்கும்தான் மார்க் போடுகிறார்கள் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

நான் ஒரு சபையில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். ஆராதனை முடிந்ததும் ஹாலில் பிள்ளைகளை உட்கார வைத்து, லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தோம். நடுநடுவே கேள்வி. சத்திரத்தில் இடமில்லை என்றால் உங்கள் தெருவில் எங்கே போய்ப் படுப்பார்கள்? ராத்திரி முழுக்க முழித்திருந்து வேலை பார்க்கிறவர்கள் உங்கள் ஏரியாவில் யார்? பதில்கள் அப்படி வந்தன, ஏடிஎம் வாட்ச்மேன், பால் வண்டிக்காரர், மீன் ஏலத்துக்கு விடியற்காலம் காசிமேடு போகிற ஆயா. அப்புறம்தான் பேப்பரைக் கொடுத்தோம்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பருக்குப் பின்னால் நடந்தது அது. ஒரு பையன் தெரு முழுக்க பழுப்புத் தண்ணீர் வரைந்து, அதில் ஒரு படகு, படகில் மரியாள், யோசேப்பு இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளுகிறார். மேலே தேவதூதனைத் தேடினேன், காணோம். ஹெலிகாப்டர்தான் இருந்தது. கேட்டால், "அதுதான் டீச்சர் ஏஞ்சல், சாப்பாடு போட்டது" என்றான். கை விரலெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, படகு சாய்ந்திருந்தது, ஆனால் அதைவிட நல்ல கார்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் பனியும் வரைந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

வேப்பேரி அக்கா:
டீச்சர், இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாலில் வைத்தே வரைவது என்றால் அம்மாக்கள் பிரச்சினையும் தீர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் உட்காரும்?

சார்ட் பேப்பர் டீச்சர்:
எட்டு வயசுக்குக் கீழே என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காது, ஒன்று மேசைக்கு அடியில் போகும் இல்லை பக்கத்துப் பிள்ளை மேல் கலர் அடிக்கும். பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். சின்னவர்களுக்கு வாட்டர் கலர் வேண்டாம், ஆயில் பேஸ்டல் போதும். பெற்றோரை வெளியே டீ குடிக்க அனுப்புங்கள். ஜன்னல் வழியாகச் சைகை காட்டுவார்கள், கர்ட்டனை இழுத்துவிடுங்கள்.

பேரை முன்னால் எழுத வேண்டாம், பின்னால் நம்பர் மட்டும். நடுவர் வேறு சபையிலிருந்து வரட்டும். செயலாளர் பேத்தி எது, போதகர் ஐயர் மகன் எது என்று தெரியாத ஆள்.

ஆண்டர்சன் தெரு:
அச்சு விஷயம் கேட்டிருந்தீர்கள் சிஸ்டர். சென்னை பாரிமுனையில் பேப்பர், கார்டு வேலைதான் எனக்குத் தொழில், கல்யாணப் பத்திரிகை சீசன் இல்லாதபோது சபை வேலைகள் எல்லாம் நம்மிடம்தான் வரும்.

நீலம் ஊதாவானதற்குக் காரணம் இதுதான். செல்போனிலும் ஸ்க்ரீனிலும் தெரியும் கலர் வெளிச்சத்தால் ஆனது, அச்சில் நான்கு மையைத் தட்டித்தான் எல்லாக் கலரையும் கொண்டுவர வேண்டும். பளீரென்ற நீலத்துக்கு மெஜந்தா என்கிற இளஞ்சிவப்பு மை கொஞ்சம் கூடினாலே ஊதா ஆகிவிடும். ஃப்ளோரசன்ட் பிங்க், ஃப்ளோரசன்ட் பச்சை ஸ்கெட்ச் பேனா சாதாரண நான்கு கலர் அச்சில் வரவே வராது, மங்கிப்போகும். கிளிட்டர் இன்னும் கொடுமை. பிள்ளை தங்க நட்சத்திரம் என்று ஆசையாக ஒட்டியிருக்கும், ஸ்கேன் பண்ணினால் கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாக வரும், தலையில் பொடுகு மாதிரி. மஞ்சள் பேஸ்டல் போதும்.

செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தயவு செய்து. போன் நிழல் விழுந்திருக்கும், மூலை இழுத்திருக்கும், வாட்ஸ்அப் வேறு படத்தை நசுக்கி அனுப்பும். ஸ்கேனரில் வைத்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்து மெயிலில் போடுங்கள்.

முக்கியமாக ஒன்று. தபாலில் அனுப்புவதாகச் சொன்னீர்கள், கார்டு என்ன சைஸ்?

வேப்பேரி அக்கா:
போன வருஷம் ஏ4 அட்டையை நடுவில் மடித்துப் போட்டோம் பிரதர். நல்ல தடிமன், 300 ஜிஎஸ்எம் என்று நினைக்கிறேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் ஸ்டாம்ப் எதிர்பார்த்ததைவிட அதிகம் ஒட்ட வேண்டியதாகிவிட்டது.

ஆண்டர்சன் தெரு:
ஆகத்தான் செய்யும். கணக்கு சொல்கிறேன். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 300 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 300 கிராம், பதினாறால் வகுத்தால் கார்டு மட்டும் 18.75 கிராம். கவரைச் சேர்த்தால் 20 கிராம் தாண்டிவிடும், தாண்டினாலே தபாலில் அடுத்த படி கட்டணம். அதையே பாதி சைஸாக, ஏ5 அட்டையை மடித்து ஏ6 கார்டாகப் போட்டால் 9 கிராம் சொச்சம்தான். கவரோடு சேர்த்தாலும் 20க்குள் நிற்கும். அட்டைச் செலவும் பாதி.

ஆனால் சின்ன கார்டு என்றால் படமும் சுருங்கும். ஏ4ல் வரைந்தது ஏ6ல் நீளமும் அகலமும் சரி பாதியாகிவிடும். மேய்ப்பன் முகத்தைக் கடுகு அளவில் வரைந்திருந்தால் கார்டில் மேய்ப்பனே இருக்க மாட்டார். ஆட்களைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள், பென்சில் கோட்டின் மேல் கறுப்பு ஸ்கெட்ச் ஓட்டச் சொல்லுங்கள். பேப்பர் எல்லோருக்கும் ஏ4தான் கொடுக்க வேண்டும். சார்ட் பேப்பரைக் கையால் கிழித்துக் கொடுத்தால் கார்டின் அளவுக்குப் பொருந்தாது, எங்கேயாவது வெட்ட வேண்டி வரும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் முக்கியமான எதுவும் வேண்டாம். கட்டிங்கில் நான் எத்தனை தேவதூதர்களின் தலையை வாங்கியிருக்கிறேன் என்று பரலோகத்தில்தான் கணக்கு கேட்பார்கள்.

நூறு இருநூறு கார்டு என்றால் டிஜிட்டல் பிரிண்ட். ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட் கட்டுப்படியாகும்.

கோடம்பாக்கம் மூத்தவர்:
பேசுவதையெல்லாம் வாசித்தேன். இளையவர்கள் கோபிக்க வேண்டாம். சபை பேரில் போகும் கார்டு, வீட்டோடு இருக்கும் வயதானவர்கள் அதை வேதாகமத்துக்குள் வைத்து வருஷம் முழுக்கப் பார்ப்பார்கள். அதில் சாஸ்திரிகள் பஸ்ஸில் தொங்குவதும், தேவதூதன் ஹெலிகாப்டராக வருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பரிசுத்தமான காரியத்தை விளையாட்டாக்கக் கூடாது. மரியாளுக்குச் சுங்குடிச் சேலை கட்டிய படம் ஒன்று ஒரு முறை நோட்டீஸ் போர்டில் பார்த்தேன், மனசுக்கு ஒப்பவில்லை.

பழைய கார்டு பெட்டி:
ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதையோடு சொல்கிறேன். பஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம், சேலை விஷயத்தில் இல்லை. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர், தேம்பாவணி காப்பியத்தில் சூசையப்பரை, அதாவது யோசேப்பை, வளன் என்று தமிழ்ப் பேர் வைத்துப் பாடி, யூதேயா நாட்டையே வயலும் நீரும் நிறைந்த தமிழ்நாடு போல வர்ணித்தார். அது நடந்து முந்நூறு வருஷம் ஆகிறது. அவருக்கு மெரினாவில் சிலையும் இருக்கிறது.

ஓவியத்திலும் உண்டு. கோவாக்காரர் ஆஞ்சலோ த ஃபொன்சேகா மரியாளுக்குச் சேலை கட்டி வரைந்ததற்காகச் சொந்த ஊரிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார், பிறகு பூனாவில் ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார், 1967ல் இறந்தார். இப்போது அதே படங்களை நம் ஊர் கிறிஸ்தவக் கலை என்று பெருமையாகக் காட்டுகிறோம். நீலத் துணி போர்த்திய வெள்ளைக்கார மரியாளும் ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்து வரைந்ததுதானே ஐயா.

கோடம்பாக்கம் மூத்தவர்:
தேம்பாவணியை மறுக்கவில்லை தம்பி. சேலை பற்றி யோசிக்கிறேன். பஸ்ஸுக்கு நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

சார்ட் பேப்பர் டீச்சர்:
ஐயா கவலையும் சரியான கவலைதான். பரிசுக்கு ஒரு படம், கார்டுக்கு ஒரு படம் என்று தனித்தனியாக எடுக்கலாமே? பரிசை நடுவர் முடிவு பண்ணட்டும். எந்தப் படம் வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்குப் போக வேண்டும் என்பதை அவர்களில் நாலைந்து பேரிடமே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். அவர்கள் எதை எடுப்பார்கள் என்று நாம்தான் கற்பனை பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அயனாவரம் அம்மா:
ஒரு கேள்வி. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு என் பெண் விபிஎஸ்ஸுக்கு (சபையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி) போவாள், பாட்டெல்லாம் மனப்பாடம். இந்த மாதிரி போட்டியில் அவளைச் சேர்த்துக்கொள்வார்களா, இல்லை கேட்பதே தப்பா?

வேப்பேரி அக்கா:
கேட்பதில் என்ன தப்பு, கட்டாயம் அனுப்புங்கள். வேப்பேரி தூரம் என்றால் உங்கள் பக்கத்துச் சபையிலேயே கேளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பழைய கார்டு பெட்டி:
வங்காளத்து ஜாமினி ராய் கிறிஸ்தவர் இல்லை, கிராமத்துப் பட ஓவியர்களின் பாணியில் பெரிய பெரிய கண்களோடு கிறிஸ்துவை வரைந்து தள்ளியிருக்கிறார். உங்கள் பெண்ணிடம் அவர் படங்களைக் காட்டுங்கள். போட்டிக்கு முன்னால் வேண்டாம், பின்னால்!

வாலிபர் சங்கம் வில்லிவாக்கம்:
டீன் பிரிவை மறந்துவிட்டீர்கள். எங்களுக்குப் போன வருஷம் வந்ததில் பாதி ஏஐ படம். குழந்தை கையில் ஆறு விரல், ஆட்டுக்கு ஐந்து கால். ஒரு பையன் அதை அப்படியே பார்த்து வாட்டர் கலரில் வரைந்து கொண்டுவந்தான், ஆறு விரலோடு. கஷ்டப்பட்டிருக்கிறான் பாவம். இன்னொருவர் டிஸ்னி பொம்மைக்கு சான்டா தொப்பி போட்டிருந்தார், அதை அச்சடித்து விற்றால் சபைக்குத்தான் வம்பு.

மாதவரம் தாமஸ்:
பதின்ம வயதுக்காரர்களையும் ஹாலில் உட்கார வையுங்கள், போனைக் காணிக்கைத் தட்டில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, கார்டுக்குப் பின்னால் பிள்ளை பேரும் வயசும் போதும். பள்ளிக்கூடம், தெரு, போட்டோ எதுவும் வேண்டாம். பெற்றோரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள், படம் சபைக்குச் சொந்தம் இல்லை, பிள்ளைக்குச் சொந்தம்.

பெரம்பூர் லோகோ:
பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டில் அடுக்கி வைக்க இடமில்லை. நல்ல கலர் பெட்டி கொடுங்கள். ஜெயிக்காத படங்களை அறுப்பின் பண்டிகையில், சபைக்குக் காணிக்கையாக வரும் பொருட்களோடு ஏலம் விடலாம், அங்கே ஒரு வாழைத்தார் என்ன விலைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும், பேத்தி படம் என்றால் தாத்தாக்கள் விட மாட்டார்கள்.

வேப்பேரி அக்கா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கமிட்டியில் பேசிவிட்டேன். பனிக்குத் தடை இல்லை. வீட்டில் வரைந்த படம் எந்தப் பிரிவிலும் எடுக்க மாட்டோம், ஹாலில் வரைவதுதான் கணக்கு. வசனத்தை டீச்சர் சொன்ன மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிப்போம், ஏ4 பேப்பர் நாங்களே கொடுப்போம், கிளிட்டர் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். கார்டு ஏ6. ஏலம் பற்றிப் பொருளாளர் ரொம்ப உற்சாகமாகிவிட்டார், இப்போதே குறைந்தபட்ச விலை பேசுகிறார். கார்டுக்கான படத்தைப் பெரியவர்களிடம் காட்டித்தான் எடுப்போம், இதற்குத்தான் ஒருவர் கடைசிவரை முனகினார், "அவர்களுக்குக் கண் தெரியாதே" என்று. பெரிதாக வரைந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

தேதி அக்டோபர் மூன்றாவது ஞாயிறு. மழை வந்தால் அடுத்த ஞாயிறு.

கோடம்பாக்கம் மூத்தவர்:
நான் இரண்டு மாதமாக வீட்டோடுதான் இருக்கிறேன், இடுப்பு எலும்பு. எந்தச் சபை என்று தனியாகச் சொன்னால் படங்களைப் பார்க்க நானும் தயார். பஸ்ஸும் இருந்தால் இருக்கட்டும், பார்க்கிறேன்.

ஆண்டர்சன் தெரு:
சிஸ்டர், அக்டோபர் மூன்றாவது ஞாயிறு சரி, மழையால் தள்ளிப்போனாலும் ஃபைல் நவம்பர் முதல் வாரத்துக்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் காலண்டர், டைரி வேலை வந்துவிடும், யார் கூப்பிட்டாலும் போன் எடுக்க மாட்டேன். ஸ்கேன் பண்ணிய ஃபைல். வாட்ஸ்அப் இல்லை.